உடைந்த ஓடு எதை மெய்ப்பிக்கிறது?

பள்ளி ஆண்டு விழாக்களிலும் ஊர்த் திருவிழா மேடைகளிலும் கராத்தே செயல்விளக்கம் நடைபெறுவதை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவர்கள் வரிசையாக வந்து வணங்குவார்கள். குத்து, உதை, தடுப்பு என்று சில அசைவுகளைச் செய்து காட்டுவார்கள். அதுவரை கூட்டம் தன் பேச்சைப் பேசிக்கொண்டுதான் இருக்கும். பிறகு இரு பக்கமும் கற்களை வைத்து, அவற்றின் மேல் ஓடுகளை அடுக்குவார்கள். அப்போதுதான் எல்லாருடைய கண்களும் மேடைப் பக்கம் திரும்பும். ஒரு முழக்கம், ஓர் அடி, ஓடுகள் தூளாகும். கைதட்டல் எழும்.

விழா முடிந்து வீடு திரும்பும் சிறுவன், "என்னையும் கராத்தேயில் சேர்த்துவிடுங்கள்" என்று அப்பாவிடம் கேட்பதற்குக் காரணம் அந்த உடைந்த ஓடுகள்தாம். பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளில் பெரும்பாலும் இடம்பெறும் படமும் அதுதான். ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வது நல்லது. அந்த ஓட்டை உடைத்தது எது? உடைப்பதால் கற்பவருக்கு என்ன பயன்? உடைக்கத் தெரிந்தவர் தற்காத்துக்கொள்ளவும் தெரிந்தவர் ஆவாரா? பத்து வயதுப் பிள்ளையிடம் செங்கல்லைக் கொடுத்து உடைக்கச் சொல்லலாமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல வீரமும் பக்தியும் போதா. கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் உடலியலும் வேண்டும்.

ஆசான்களுக்குள்ளேயே இரு கருத்து

கராத்தே ஜப்பானுக்குத் தெற்கே உள்ள ஓகினாவாத் தீவில் வளர்ந்த கலை. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்த கிச்சின் ஃபுனாகோஷி என்பவர் 1922-ஆம் ஆண்டில் டோக்கியோவில் நடந்த உடற்கல்விக் கண்காட்சியில் அதைச் செய்து காட்டினார். ஜப்பான் முழுவதும் கராத்தே பரவ அது வழிவகுத்தது. பலகை, ஓடு முதலியவற்றை உடைத்துக் காட்டுவதை ஜப்பானியர் 'தமேஷிவாரி' என்கிறார்கள். 'சோதித்து உடைத்தல்' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பெயரிலேயே 'சோதனை' என்ற சொல் இருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கத்தைப் பற்றி ஃபுனாகோஷிக்கு உயர்ந்த எண்ணம் இல்லை. பழகினால் எவரும் செய்யக்கூடிய காரியம் இது, கராத்தேயின் உட்பொருளுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிய கருத்து.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் மசுதாட்சு ஓயாமா. 1923-இல் கொரியாவில் பிறந்து ஜப்பானில் வாழ்ந்த இவர், 1952-இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து, பலகைகளையும் செங்கற்களையும் கற்களையும் வெறுங்கையால் உடைத்துக் காட்டிப் புகழ் பெற்றார். அவர் நிறுவிய கியோகுஷின் பிரிவின் உலகப் போட்டி முதன்முதலில் 1975-இல் டோக்கியோவில் நடந்தது. அப்பிரிவின் போட்டிகளில் இரு வீரர்கள் சமநிலையில் இருக்கும்போது, யார் அதிகப் பலகைகளை உடைத்தார் என்பதும் வெற்றியை முடிவு செய்யும் கணக்குகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. கொரியாவின் டேக்வாண்டோவிலும் பலகை உடைப்பு பட்டைத் தேர்வின் ஒரு பகுதியாகப் பல பள்ளிகளில் இருந்து வருகிறது.

ஆக, உடைப்பதைப் பற்றிய வாதம் வெளியாட்கள் கிளப்பியது அன்று. அந்தக் கலையின் பெரியவர்களுக்குள்ளேயே எழுந்த வாதம் அது. இதில் விஞ்ஞானம் யார் பக்கம் பேசுகிறது என்று பார்ப்போம்.

ஆய்வுக்கூடத்திற்கு வந்த கராத்தே

1970-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மைக்கேல் ஃபெல்டு, ரொனால்டு மெக்நேர், ஸ்டீபன் வில்க் என்னும் மூவர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டனர். இவர்களுள் மெக்நேர் லேசர் இயற்பியலில் 1976-இல் டாக்டர் பட்டம் பெற்றவர். கராத்தேயில் கறுப்புப் பட்டையும் பெற்றவர். பின்னர் விண்வெளி வீரராகி 1984-இல் விண்ணில் பறந்தார். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியபோது உயிரிழந்த எழுவருள் அவரும் ஒருவர். ஒரு கலையைக் கற்றுத் தேர்ந்தவரே அதை அளந்து பார்க்கவும் துணிந்தார் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் அடியை அளப்பது எப்படி? சீரான இடைவெளியில் மின்னும் விளக்கொளியில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் கை எங்கே இருந்தது என்பது படத்தில் பதிந்துவிடும். இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். அவர்கள் கண்டவற்றை 1979 ஏப்ரலில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் வெளியிட்டார்கள்.

தேர்ந்த வீரர் மேலிருந்து கீழே அடிக்கும்போது கையின் வேகம் வினாடிக்கு 10 முதல் 14 மீட்டர் வரை செல்கிறது. மணிக்கு 36 முதல் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரப் பேருந்து ஒன்றின் வேகம்தான். புதிதாகச் சேர்ந்தவரின் கையோ இதில் பாதி வேகத்தில் செல்கிறது. ஏறத்தாழ 2 செ.மீ. கனமுள்ள பைன் மரப் பலகையை உடைக்க வினாடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகம் போதும். 4 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் பாளத்திற்கு 10 மீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது புதிதாகச் சேர்ந்தவரும் பலகையை உடைத்துவிடலாம். கான்கிரீட்டை உடைக்கத்தான் பழக்கம் வேண்டும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

மேல்நிலை வகுப்பு மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். பலகையும் கான்கிரீட்டும் அடிபட்டதும் ஒரு சுருள்வில்லைப் போல வளைகின்றன. குறிப்பிட்ட அளவு வளைந்ததும் முறிகின்றன. இயற்பியல் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகத் தரப்படும் எண்கள் இவை: பலகை 16 மில்லிமீட்டர் வளைந்தபின் முறியும், அதன் வில் மாறிலி மீட்டருக்கு 41,000 நியூட்டன். கான்கிரீட் 1.1 மில்லிமீட்டர் வளைந்ததுமே முறியும். அதன் வில் மாறிலி மீட்டருக்கு 26 லட்சம் நியூட்டன்.

மாறிலியை வளைவால் பெருக்கினால் விசை கிடைக்கும். பலகைக்குச் சுமார் 650 நியூட்டன். கான்கிரீட்டுக்குச் சுமார் 2,900 நியூட்டன். பலகையின் கணக்கு ஒரு ஆளின் எடைக்குச் சமம். பலகையின் நடுக்கோட்டில் ஒருவர் தம் முழு எடையையும் வைத்து நின்றாலே அது முறிந்துவிடும். கான்கிரீட்டுக்கு நான்கைந்து பேர் எடை வேண்டும்.

இனி ஆற்றலைப் பாருங்கள். மாறிலியை வளைவின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். பலகைக்கு 5.2 ஜூல், கான்கிரீட்டுக்கு வெறும் 1.6 ஜூல்! கான்கிரீட்டை முறிக்கத் தேவையான ஆற்றல் பலகைக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியானால் கான்கிரீட்டை உடைப்பது ஏன் கடினமாக இருக்கிறது?

விடை மோதலில் இருக்கிறது. கையின் நிறையை 0.7 கிலோ என்று கொள்வோம். மோதலில் பங்கு கொள்ளும் நிறை பலகைக்கு 0.14 கிலோ, கான்கிரீட்டுக்கு 3.2 கிலோ. லேசான பொருளின்மேல் மோதினால் கையின் இயக்க ஆற்றலில் நூற்றுக்கு 83 பங்கு வளைப்பதற்குக் கிடைக்கிறது. கனமான கான்கிரீட்டின்மேல் மோதினால் நூற்றுக்கு 18 பங்குதான் மிஞ்சுகிறது. மீதி மோதலிலேயே வெப்பமாகவும் ஒலியாகவும் கையின் அதிர்வாகவும் வீணாகிவிடும். இந்தக் கணக்கின்படி பலகைக்கு வினாடிக்கு 4.2 மீட்டர், கான்கிரீட்டுக்கு 5 மீட்டர் வேகம் குறைந்த அளவு. கையின் சதை நசுங்குவதிலும் கை பின்னுக்குத் துள்ளுவதிலும் மேலும் ஆற்றல் செலவாவதால்தான் உண்மையில் 6 மீட்டரும் 10 மீட்டருக்கு மேலும் தேவைப்படுகின்றன.

வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் 0.7 கிலோ கையின் ஆற்றல் 35 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று 70 செ.மீ. உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலும் ஏறக்குறைய அதுவே. இதில் மாயம் ஒன்றுமில்லை. அந்த ஆற்றலைச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள், உள்ளங்கையளவு இடத்தில் செலுத்துவதில்தான் திறமை இருக்கிறது.

கல் உடைகிறது, எலும்பு ஏன் உடைவதில்லை?

கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பாளத்தின் நடுவில் மேலிருந்து அடிக்கும்போது மேற்பரப்பு அமுங்குகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. விரிசல் அடியில் தொடங்கி மேலே ஓடுகிறது. உங்கள் ஊரில் கட்டடத்திற்குத் தளம் போடும்போது கம்பிகளை அடிப்பக்கமாக வைத்துக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இழுப்பைத் தாங்குவதற்குத்தான் அவை. கராத்தே மேடைக்கு வரும் கான்கிரீட் பாளத்தில் கம்பி இருக்காது. இருந்தால் எந்த வீரரும் கை வைக்கமாட்டார்.

எலும்போ கான்கிரீட்டைவிட ஏறத்தாழ 40 மடங்கு இழுப்பைத் தாங்கக்கூடியது. மேலும் கையில் 27 எலும்புகள் தசைநார்களால் பிணைக்கப்பட்டு, தசையாலும் தோலாலும் போர்த்தப்பட்டுள்ளன. சரியான இடத்தில் பட்ட அடியின் அதிர்ச்சி இவற்றினூடே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் பரவிச் சென்றுவிடுகிறது. தவறான இடத்தில் பட்டால் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். பாளம் முறிந்துவிட்டால் கைக்கு எதிர்ப்பு அந்த நொடியே நீங்கிவிடும். முறியாவிட்டால் கை அங்கேயே நின்று முழு அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உடைத்தவருக்கு வலி குறைவாகவும் உடைக்கத் தவறியவருக்கு வலி அதிகமாகவும் இருப்பது இதனால்தான்.

எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம்

"எங்கள் மாணவர் பத்து ஓடு உடைத்தார்" என்று ஒரு பள்ளி சொன்னால், அதைக் கொண்டு மாணவரின் திறமையை அளக்க முடியுமா? எதை, எப்படி வைத்து உடைத்தார் என்று கேட்காமல் முடியாது.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். விறகு பிளப்பவர் கோடரியை நார் ஓடும் திசையில்தான் இறக்குவார். குறுக்கே வெட்டினால் நாள் முழுதும் வெட்ட வேண்டியிருக்கும். மேடைப் பலகையும் நார்த் திசையில் பிளக்கும்படியே வைக்கப்படுகிறது. நன்கு உலர்ந்த, கணு இல்லாத, மென்மையான மரமாகத் தேர்ந்தெடுப்பதும் வழக்கம். அதே பலகையைத் திருப்பி, நாருக்குக் குறுக்கே முறிக்கச் சொன்னால் மேடையே அமைதியாகிவிடும்.

அடுத்தது தாங்கிகளுக்கு இடையேயுள்ள தூரம். இதற்கு நீங்கள் வகுப்பறையிலேயே சோதனை செய்யலாம். புதிய சாக்பீஸ் ஒன்றை இரு முனைகளிலும் பிடித்து முறியுங்கள். எளிதில் முறியும். அந்தத் துண்டுகளில் ஒன்றை மறுபடி முறியுங்கள். இரண்டு செ.மீ. துண்டு வரும்போது உங்கள் விரல்கள் தோற்றுவிடும். சாக்பீஸின் வலிமை கூடவில்லை, நீளம்தான் குறைந்தது. தூரம் பாதியானால் முறிக்கும் விசை இரட்டிப்பாகும். கனம் இரட்டிப்பானாலோ விசை நான்கு மடங்காகும். ஆகவே அகலமான இடைவெளியில் வைத்த மெல்லிய ஓடு, பார்ப்பதற்குப் பெரிதாயிருந்தாலும் முறிப்பதற்கு எளிது.

மூன்றாவது, ஓடுகளுக்கு இடையே வைக்கும் சிறு கட்டைகள். இடைவெளி விட்டு அடுக்கினால் ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியும். முதல் ஓட்டின் துண்டுகளும் கையோடு சேர்ந்து இரண்டாவதன்மேல் விழும். ஒரு நேரத்தில் ஓர் ஓட்டின் எதிர்ப்பை மட்டும் கை சந்திக்கிறது. இடைவெளி இல்லாமல் அடுக்கினால் அத்தனை ஓடுகளும் ஒரே நேரத்தில் எதிர்த்து நிற்கும். இடைவெளி விட்ட பத்து ஓடுகளும் இடைவெளி விடாத பத்து ஓடுகளும் ஒரே சோதனை ஆகமாட்டா.

நான்காவது, பொருளின் தரம். சூளையின் நடுவில் நன்றாக வெந்த செங்கல்லும் ஓரத்தில் அரைகுறையாக வெந்த செங்கல்லும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஆனால் வலிமையில் பெரும் வேறுபாடு உண்டு. கொத்தனார் தட்டிப் பார்த்து ஓசையைக் கொண்டே இதைச் சொல்லிவிடுவார். பார்வையாளருக்கு அது தெரியாது. செங்கல்லின் ஒரு முனையைக் கையால் சிறிதே தூக்கிப் பிடித்து அடிப்பதும் உண்டு. அப்போது செங்கல் அடியிலுள்ள கல்லின் விளிம்பில் போய் மோதுகிறது. கை பாதி வேலை செய்ய, கல் மீதி வேலையைச் செய்துவிடும்.

இவற்றையெல்லாம் மோசடி என்று சொல்லிவிட வேண்டியதில்லை. உண்மையான பயிற்சியாளர்களும் இந்த ஏற்பாடுகளைச் செய்கிறார்கள். கைக்குப் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. ஆனால் அளவுகோலே நீண்டும் குறுகியும் இருக்கும்போது, அதில் கிடைக்கும் எண்ணைப் பெருமையாகச் சொல்வதில் பொருளில்லை.

உடைப்பதால் உள்ள நன்மை

இவ்வளவும் சொன்னபின் உடைப்பது வீண் வேலை என்று முடித்துவிடலாமா? அது நியாயமாகாது. அதற்கு உண்மையான பயன்கள் சில உண்டு.

கராத்தே மாணவர் ஆண்டுக்கணக்காகக் காற்றில் குத்துகிறார். தோழரோடு பழகும்போது உடலைத் தொடுமுன் கையை நிறுத்தப் பழகுகிறார். முழு வேகத்தில் அடித்தால் தோழருக்குக் காயம். ஆகவே தம் அடி உண்மையில் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பலகை அவருக்கு அந்த வாய்ப்பைத் தருகிறது. மணிக்கட்டு வளைந்திருந்தாலோ, கை கோணலாக வந்தாலோ, பலகை முறியாது. முகத்துக்காகப் பாராட்டிப் பேசும் பழக்கம் பலகைக்கு இல்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு பாடம் இதில் இருக்கிறது. மெக்நேர் குழுவினர் எடுத்த படங்களில், கை ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீண்டிருக்கும்போது உச்ச வேகம் அடைவது தெரிந்தது. அதன்பின் வேகம் குறைகிறது. எனவே பலகையின் மேற்பரப்பைக் குறிவைப்பவர் தளர்ந்த கையால் தொடுகிறார். பலகைக்கு அப்பால் உள்ள புள்ளியைக் குறிவைப்பவர் உச்ச வேகத்தில் பலகையைச் சந்திக்கிறார். "பலகைக்குப் பின்னால் அடி" என்று ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததற்கு இதுவே விளக்கம்.

மன உறுதி என்கிறார்களே, அதற்கும் இங்கே இடம் உண்டு. அடிக்கும்போது ஐயம் தோன்றினால் கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வினாடிக்கு 10 மீட்டராக வர வேண்டிய கை 7 மீட்டராக வந்தால் ஆற்றல் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏனெனில் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மனம் செய்யும் வேலை இந்தத் தயக்கத்தை நீக்குவதுதான். 'கி' என்னும் உள்ளாற்றல் கையிலிருந்து பாய்ந்து கல்லைப் பிளக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆற்றல் இல்லாமலேயே கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நீங்கள் பணிவுடன் சொல்லலாம்.

உடைப்பது சொல்லித் தராதவை

ஆனால் பலகை ஒரே இடத்தில் நிற்கிறது. எப்போது அடிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். எதிராளியோ நகர்கிறார், விலகுகிறார், ஏமாற்றுகிறார், திருப்பித் தாக்குகிறார். 1973-இல் வெளிவந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் எதிராளி பலகையை உடைத்துக் காட்டிப் பயமுறுத்தப் பார்க்கும்போது, பலகைகள் திருப்பி அடிப்பதில்லை என்று புரூஸ் லீ சொல்லிவிட்டு நிற்பார். சினிமா வசனமானாலும் கருத்து சரியானது. தூரத்தைக் கணிப்பது, எதிராளியின் தோளசைவைக் கண்டு கொள்வது, அடி வாங்கியபின்னும் நிதானம் இழக்காதிருப்பது ஆகிய எதையும் ஓடு கற்றுத் தராது. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்கப் போட்டியாக உள்ள டேக்வாண்டோவிலும், 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கராத்தேயிலும் உடைத்தல் போட்டியாகச் சேர்க்கப்படவில்லை.

வலிமையான அடி கையின் கடினத்திலிருந்து வருகிறது என்ற எண்ணமும் சரியன்று. லண்டனில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கறுப்புப் பட்டை பெற்ற 12 பேரையும், உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள ஆனால் கராத்தே பயிலாத 12 பேரையும் ஒப்பிட்டார்கள். இலக்கிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் கையை வைத்துக் குத்தச் செய்தார்கள். கராத்தே வீரர்களின் குத்து வலுவாக இருந்ததற்குத் தோளும் மணிக்கட்டும் உச்ச வேகம் அடையும் நேரங்களின் ஒத்திசைவே காரணம் என்று தெரிந்தது. அந்த ஒத்திசைவுக்கும் சிறுமூளையின் வெண்பொருள் அமைப்புக்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார்கள். பல ஆண்டுகள் பொறுமையாகப் பழகும் பழக்கம் நரம்பு மண்டலத்தில் படிந்து அடியாக வெளிப்படுகிறது. அந்தப் படிவு ஆண்டுக்கு ஒரு முறை ஓடு உடைப்பதால் வருவதில்லை.

கையைக் கெட்டிப்படுத்துவது பற்றி

"உடைக்க உடைக்க எலும்பு உறுதியாகும்" என்பது பலர் நம்பும் செய்தி. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எடுத்துரைத்தார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது அறிந்ததே. ஆனால் இந்த மாற்றம் மாதக் கணக்கில், மிதமான சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் வருவது. கயிறு சுற்றிய கம்பத்தில் மெதுவாகக் குத்திப் பழகும் 'மகிவாரா' பயிற்சி அந்த வகையைச் சேர்ந்தது. தேர்வன்று செங்கல்லில் விழும் ஒரே அடி எலும்பை வளர்க்காது, உடைக்கத்தான் கூடும். முட்டிகளில் காணும் காய்ப்போ தோலின் தடிப்பு மட்டுமே. அதைக் கொண்டு உள்ளே இருக்கும் எலும்பின் உறுதியை மதிப்பிட முடியாது.

சுண்டுவிரல் முட்டி கடினமான பொருளில் பட்டால் அந்த விரலுக்குரிய உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம். ஆங்கில மருத்துவத்தில் குத்துச்சண்டைக்காரரின் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய இரண்டின் முட்டிகளாலேயே குத்த வேண்டும் என்று கராத்தேயில் வலியுறுத்துவது இதனால்தான். மேடைப் பதற்றத்தில் கை அரை அங்குலம் விலகினால் போதும், இந்தக் காயம் நேரும்.

பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. பெண்களுக்கு ஏறத்தாழ 14 முதல் 16 வயது வாக்கிலும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயது வாக்கிலும்தான் கையில் இவை கெட்டியான எலும்பாக மூடிக்கொள்கின்றன. அதற்கு முன் அங்கே பலத்த அடிபட்டால் எலும்பின் வளர்ச்சி நின்றுபோகவோ கோணலாகவோ வாய்ப்புண்டு. அந்தக் கைதான் நாளைக்கு எழுதவும், கருவியைப் பிடிக்கவும், பிழைக்கவும் வேண்டிய கை.

தலையால் ஓடு உடைப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. மண்டை ஓடு உறுதியானது என்பது உண்மை. ஆனால் அதனுள் நீர்மத்தில் மிதக்கும் மூளை மென்மையானது. தலை திடீரென்று நிற்கும்போது மூளை ஓட்டின் உட்புறத்தில் மோதிக் குலுங்கும். நெற்றியில் கீறல்கூட இல்லாமல் உள்ளே கேடு நேரலாம். இதற்குப் பழக்கம் எந்தப் பாதுகாப்பும் தராது.

என்ன செய்யலாம்?

வெப்பமானி காய்ச்சலை அளக்கும், காய்ச்சலைத் தீர்க்காது. பலகை உடைப்பதும் அதுபோல ஓர் அளவைதான். கை சரியான வடிவில், சரியான வேகத்தில், தயங்காமல் இலக்கைக் கடந்ததா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அது விடை சொல்லும். அந்த அளவையையே பயிற்சியாகக் கொள்வதும், பயிற்சியின் பயனாகக் கொள்வதும், விளம்பரமாக்குவதும் தவறு. இந்த வகையில் ஃபுனாகோஷியின் எச்சரிக்கை இன்றைக்கும் பொருந்துகிறது. ஆனால் வளர்ந்த, பழகிய மாணவருக்கு எப்போதாவது வைக்கும் சோதனை என்ற அளவில் ஓயாமாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நீங்களோ உங்கள் பிள்ளையோ தற்காப்புக் கலை பயில விரும்பினால், சேரும் முன் மாஸ்டரிடம் சில கேள்விகள் கேளுங்கள். எந்த வயதிலிருந்து உடைக்கச் சொல்கிறீர்கள்? பட்டை பெற உடைத்தே ஆக வேண்டுமா? உடைக்கக் கொடுக்கும் பொருள் ஒரே தரமானதா? முறியாவிட்டால் மறுபடியும் மறுபடியும் அடிக்கச் சொல்வீர்களா? காயம் பட்டால் முதலுதவிக்கு என்ன ஏற்பாடு? பிரித்துச் சேர்க்கக்கூடிய பிளாஸ்டிக் பலகைகள் இப்போது கிடைக்கின்றன. இவ்வளவு விசைக்குத்தான் பிரியும் என்று தரப்படுத்தி விற்கிறார்கள். செங்கல்லைவிட அவை நேர்மையான அளவுகோல், கைக்கும் நல்லவை. நல்ல ஆசான் இந்தக் கேள்விகளால் கோபம் கொள்ளமாட்டார். கோபம் கொள்பவரிடம் பிள்ளையின் கையை ஒப்படைக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் கொல்லையில் கிடக்கும் செங்கல்லில் சோதனை செய்து பார்க்கும் ஆசை யாருக்காவது வந்தால், அவர்கள் சாக்பீஸோடு நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அதில் கற்க வேண்டிய இயற்பியல் அத்தனையும் இருக்கிறது. அடுத்த முறை மேடையில் ஓடுகள் நொறுங்கும்போது தாராளமாகக் கைதட்டுங்கள். கைதட்டிக்கொண்டே, ஓடுகளுக்கு இடையே கட்டை வைத்திருக்கிறார்களா, தாங்கிகள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன, உடைக்கும் பிள்ளைக்கு வயது என்ன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.